ஓட்டில்லாதவர்களின் பஜனை

எங்கள் பஜனைக் குழுவில் ஆண்கள் யாருக்கும் பதவி கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருமே பெண்கள். கேட்பவர்களுக்கு ஏதோ பெண்ணுரிமை பொங்கி வழிந்த இடம் என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. எங்கள் வீட்டு ஆண்கள் அனைவரும் மத்திய அரசு ஊழியர்கள். எந்தச் சங்கத்தின் காகிதத்திலும் தங்கள் பெயர் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு அப்படியொரு பயம். நடத்தை விதிகள், மேலதிகாரி, பதவி உயர்வு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆகவே முடிவெடுப்பது அவர்கள், கையெழுத்துப் போடுவது நாங்கள். நான் செயலாளர். என் கணவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். செயலாளரின் செயல்கள் எல்லாம் அவர் காலையில் சார்ட்டர்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவதுதான்.

தெற்கு தில்லியில் நாங்கள் இருந்த அரசுக் குவார்ட்டர்ஸின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் அங்கே மிச்சமிருக்கும் இரண்டொரு சிநேகிதிகளும் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் முருகன் பாட்டு, கடைசியில் கற்பூரம், சுண்டல். கிருத்திகைக்கு எல்லோரும் சேர்ந்து ஆர்.கே.புரத்து மலைக் கோயிலுக்குப் போவோம். இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் பாடினால் மட்டும் போதுமா, நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கேட்டுவிட்டார்கள்.

நல்லது செய்ய இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடியது. தில்லியில் அதை நாலா என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஜுக்கிகள், தகரமும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் கோட்டி எனப்படும் பங்களா வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் போவார்கள். அங்கே ஒரு செங்கல் அறை கட்டி, அதில் பால்வாடி ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் டாக்டர் ஒருவர் வந்து இருமலுக்கும் சொறிசிரங்குக்கும் மருந்து தருவார். சுவரில் பெரிய முருகன் படம், கீழே வேல், பக்கத்தில் எங்கள் குழுவின் பெயர்ப் பலகை. பலகை படத்தைவிடப் பெரிது.

பால்வாடியில் கிச்சடி கிண்டவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அந்தக் குடியிருப்பிலேயே ஒரு பெண்ணை வைத்திருந்தோம். பிள்ளைகள் ஆயா என்று கூப்பிட்டதால் நாங்களும் ஆயா என்றே கூப்பிட்டோம். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. கணவன் எப்போதோ போய்விட்டான். ஒரே மகள். அந்த வருஷம் மகள் முதல் பிரசவத்துக்கு ஆயாவிடம் வந்திருந்தாள். ஆயாவின் ஹிந்தி எங்கள் ஹிந்தியைவிட வேகமானது. எங்களுடையது காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்குத்தான்.

எங்கள் குழுவுக்கு ஒரு பெருமை உண்டு. நாங்கள் அரசியலில் இல்லை. இதை நாங்கள் எங்கே போனாலும் சொல்வோம். நன்கொடை கேட்கப் போனாலும் சொல்வோம், சுண்டல் தின்னும்போதும் சொல்வோம். அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஹிந்திக்காரர். பால்வாடி திறந்த நாளில் அவரைக் கூப்பிடலாமா என்று ஆயா கேட்டாள். "அய்யோ, பாலிடிக்ஸ்லாம் வேண்டாம்மா" என்று எல்லோரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம். அவர் வாயில் பான் போட்டுக்கொண்டு வருவார், செருப்போடு படத்தருகே போவார் என்றெல்லாம் பேசிக்கொண்டோம். நாங்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

அதே நாங்கள்தான் புகைப்பட வாக்காளர் அட்டை வந்த புதிதில் ஜுக்கிப் பெண்களைத் திரட்டிக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வைத்தோம். "இது உங்க உரிமை, தொலைச்சுடாதீங்க" என்று நான் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். அன்றைக்கு என் குரலில் இருந்த தெளிவை நினைத்தால் இப்போதும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் குடியிருப்பின் பெரிய கஷ்டம் தண்ணீர். அடிபம்பில் வருவது மஞ்சளாக இருக்கும், பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்க, சமைக்க எல்லாம் தினமும் காலையில் வரும் டேங்கர் லாரிதான். லாரியை அனுப்பி வைத்தது அந்த எம்.எல்.ஏ. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் லாரி தானாகவே வருவதுபோலத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் வந்து, "லாரிக்குக் காத்துக் கெடந்தா வேலைக்கு லேட்டாவுதும்மா. ஒரு கொழா போட்டுக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது, எங்களுக்கு ஒரு நல்ல காரியம் கிடைத்துவிட்டது.

யாரிடம் எழுதிக் கொடுப்பது? வெள்ளிக்கிழமை பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நம்ம ஊர் எம்.பி. இருக்கிறாரே! தமிழ்நாட்டிலிருந்து ஜெயித்து வந்து, தில்லியில் பங்களா கொடுக்கப்பட்டிருந்த ஒருவர். எங்களில் ஒருவரின் சொந்த ஜில்லாக்காரர். தில்லி ஜுக்கிக் குழாய்க்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எம்.எல்.ஏ.விடம் போனால் அரசியல். நம் எம்.பி.யைப் பார்த்தால் அது பாசம். இப்படித்தான் இருந்தது எங்கள் கணக்கு. பள்ளிக்கூட அட்மிஷன், ரயில் டிக்கெட், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் தில்லித் தமிழர்கள் தமிழ் பேசும் பங்களாவைத் தேடிப் போய்ப் பழகியவர்கள். குழாய்க்கும் அங்கேயே போனோம்.

கோல் மார்க்கெட்டில் பஸ் மாறி, பூமாலையும் பொன்னாடையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக மூன்று பெண்கள் போனோம். நான், தலைவராக இருந்த அக்கா, பொருளாளர். அக்காவுக்குக் குழுவிலேயே நல்ல குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தால் சுண்டல் தாளிக்கப் போனவர்களும் திரும்பி வந்து உட்காருவார்கள். வராந்தாவில் ஏகப்பட்ட கூட்டம். எங்கள் முறை வந்தபோது எம்.பி. எழுந்து நின்று கும்பிட்டார். அதிலேயே பாதி விழுந்துவிட்டோம். எந்த ஊர், யார் மகள், கோயில் கும்பாபிஷேகம் எப்போது என்றெல்லாம் விசாரித்தார். காபி வந்தது, நல்ல ஃபில்டர் காபி. கடைசியில் குழாய் விஷயத்தைச் சொன்னதும், "பண்ணிரலாம்மா" என்றார். இந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். போதாக்குறைக்கு, பால்வாடியில் நடக்கப்போகும் கந்த சஷ்டி அன்னதானத்துக்கு அவரையே வரச் சொல்லிவிட்டும் வந்தோம்.

அது வெங்காயம் விலை ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்த வருஷம். வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைக்கப் பழகியிருந்தோம். கந்த சஷ்டிக்குப் பிறகு கொஞ்ச நாளில் தில்லி சட்டசபைக்குத் தேர்தல். தெருவெல்லாம் கொடி. நாங்கள் பார்த்தோம், ஆனால் அது எங்களுக்குச் சம்பந்தப்பட்டதாக நினைக்கவில்லை. சஷ்டிக்கு வெங்காயம் சேர்க்கக் கூடாது, நல்லதாகப் போயிற்று என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

எம்.பி. வந்தார். தனியாக வரவில்லை. கூடவே வெள்ளைக் குர்தா போட்ட ஒருவர் கைகூப்பியபடி இறங்கினார். எம்.பி.யின் கட்சி தில்லியில் யாரோடு கூட்டு வைத்திருந்ததோ அந்தக் கட்சியின் வேட்பாளர் அவர். தண்ணீர் லாரி அனுப்பிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ.வை எதிர்த்து நிற்பவர். எங்களுக்கு அது புரிந்ததா என்று கேட்டால், அரைகுறையாகப் புரிந்தது. வந்த விருந்தாளியைப் போ என்று எப்படிச் சொல்வது? பொன்னாடை ஒன்று கூடுதலாக இருந்தது. அதை அவருக்குப் போர்த்தினோம். சந்தனம் குங்குமத் தட்டை நீட்டியது நான்தான். வேலுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

எம்.பி. மைக்கைப் பிடித்தார். முருகனைப் பற்றி அழகாகப் பேசினார். பிறகு வேட்பாளரின் தோளில் கை போட்டு, "இங்க இருக்கிற அத்தனை தமிழ் ஜனங்க ஓட்டும் அண்ணனுக்குத்தான். இந்தக் குழுவுல இருக்கற தாய்மார்களே அதுக்கு ஜவாப்தாரி" என்றார். நாங்கள் கைதட்டினோம். வேறு என்ன சொல்ல? தில்லியில், அந்த நாலாக்கரையில், மைக்கில் தமிழ் கேட்டது. அதற்காகக் கைதட்டினோம். கீழே இலை போட்டு உட்கார்ந்திருந்த ஜுக்கிப் பெண்கள் தட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். பசியில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டேங்கர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஆயா இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "லாரி வரலீங்கம்மா. டிரைவரக் கேட்டா, ஒங்க புது நேதாகிட்டப் போயி வாங்கிக்குங்கன்றான்." மகளுக்கு அப்போது பிரசவமாகி வீட்டில் பச்சைப் பிள்ளை. பெரிய ரோட்டைத் தாண்டி ஒரு குருத்வாரா இருந்தது. அங்கே யார் என்ன என்று கேட்காமல் குழாயில் பிடித்துக்கொள்ள விட்டார்களாம். ஆனால் அத்தனை குடிசைக்கும் அங்கிருந்து சுமந்து கட்டுப்படியாகவில்லை. "பச்சப்பிள்ள துணி அலசக்கூடத் தண்ணி இல்லீங்கம்மா. அந்த பம்புத் தண்ணில அலசுனா பிள்ளைக்கி ஒடம்பெல்லாம் கொப்புளம் வந்துரும்" என்றாள். நான் இரண்டு கேன்களையும் நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்தபோது மனசுக்குள் ஒரு நிறைவுகூட வந்தது. அவளுடைய தண்ணீரை நிறுத்தியவளே நான்தான் என்று உறைக்க அன்றைக்கு ராத்திரி ஆகிவிட்டது.

எம்.பி. பங்களாவுக்குப் போன் செய்தோம். சார் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி செய்தோம். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாவது தடவை எடுத்தவர், "ஏம்மா, தண்ணி லாரிக்கெல்லாமா எம்.பி.யக் கேப்பாங்க?" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்களுக்குத்தான் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டு ஒப்புக்கு நடந்தது. ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். எம்.எல்.ஏ.வைப் போய்ப் பார்த்துச் சமாதானம் செய்வதைத் தவிர வழியில்லை என்று முடிவாயிற்று. யார் போவது? என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாங்க எலெக்‌ஷன் டைம்ல ஒரு கேண்டிடேட் வீட்டு வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்? லேடீஸ் போங்க. அனுதாபமும் இருக்கும்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது? சுண்டல் கிண்ணங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஆயாதான் எங்களை அழைத்துப் போனாள். பான் போட்டுக்கொண்டு மீசை முறுக்குகிற ஒரு ஆளை எதிர்பார்த்துப் போனோம். ஸ்வெட்டர் போட்ட, சர்க்கரை இல்லாத டீ குடிக்கிற, பள்ளிக்கூட வாத்தியார் போன்ற ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். ஆயாவையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அன்றைக்கு வேட்பாளர் வரப்போவது எங்களுக்கே தெரியாது, நாங்கள் அரசியலில் இல்லை, கோயில் காரியம் மட்டுமே செய்கிறவர்கள் என்று எங்கள் அரைகுறை ஹிந்தியில் சொன்னோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"பஹன்ஜி, ஆப்கா வோட் கஹாங் ஹை?"

உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது? இது எங்களுக்குப் புரியாத ஹிந்தி அல்ல. ஆனாலும் புரியாதவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா மெதுவாக, கும்பகோணம் என்றாள். நான் திருநெல்வேலி என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வீட்டு முகவரியில் சேர்த்த பெயர் அது. அங்கே இன்னும் இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. பொருளாளர் தனக்கு எங்கேயும் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். இருபது வருஷம் தில்லித் தண்ணீரைக் குடித்தவர்கள். ரேஷன் கார்டு இருந்தது, கேஸ் இணைப்பு இருந்தது, பிள்ளைகளுக்கு ஹிந்திதான் முதலில் வாயில் வந்தது. ஓட்டு மட்டும் ஊரில் இருந்தது. அரசு ஊழியர் ஓட்டுப் போடக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அவர்கள் மனைவிகளுக்குக் கேட்கவே வேண்டாம். சும்மா இருந்துவிட்டோம். ரிட்டயர் ஆனதும் திரும்பிப் போகப் போகிறோமே, இங்கே எதற்கு என்ற எண்ணம்.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆயாவின் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். நான் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வைத்த அதே அட்டை. அவர் எங்களிடம் சொன்னதை ஆயா தமிழில் சொன்னாள். எங்களுக்குப் புரிந்தது என்று தெரிந்தும் சொன்னாள், தயங்கித் தயங்கி. "இவங்களுக்கு இங்க ஓட்டு இருக்குது. ஒங்க ஒருத்தருக்கும் இல்ல. இல்லாதவங்க வந்து இருக்கறவங்க ஓட்டத் தூக்கி எப்புடி அடுத்தவனுக்குக் குடுத்தீங்கன்னு கேக்குறாருங்கம்மா."

என் வாழ்க்கையில் அவமானப்பட்ட சந்தர்ப்பங்கள் பல உண்டு. மாமியார் வீட்டில், ரேஷன் கடையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். அவை எதுவும் இதற்கு ஈடாகாது. அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததே கூச்சமாக இருந்தது. நின்றுகொண்டிருந்த ஆயாவின் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

அவர் லாரியை அனுப்ப ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. ஞாயிற்றுக்கிழமை ஜுக்கியில் அவர் கூட்டம். அன்றைக்கு நாங்கள் அவருக்காகப் பாட வேண்டும். அதே படம், அதே வேல், அதே விளக்கு. ஜனங்கள் பார்க்க வேண்டும். அக்கா கையைப் பிசைந்துகொண்டு, "அது சாமிப் பாட்டுங்க, எலெக்‌ஷனுக்கெல்லாம் பாடறதில்ல" என்றாள். "அவருக்குப் பொன்னாடை போர்த்திய அன்றைக்கு மட்டும் அது சாமி இல்லையா?" என்று கேட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

வீட்டில் ஆண்களுக்கு இதைச் சொன்னபோது நான் ஒரு பெரிய கலகத்தை எதிர்பார்த்தேன். சாமியைக் கொண்டுபோய்த் தேர்தல் மேடையில் வைப்பதா என்று யாராவது கொதிப்பார்கள் என்று நினைத்தேன். கொதித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். யாரும் கொதிக்கவில்லை. பாடிவிட்டு வந்துவிடுங்கள், ஆனால் குழுவின் பேனர் வேண்டாம், மைக்கில் யார் பெயரும் வரக் கூடாது, யார் வீட்டுப் பெண்கள் என்று சொல்லவும் கூடாது என்று முடிவு செய்தார்கள். என் கணவர் தானே போய்ப் பால்வாடிச் சுவரிலிருந்து பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எந்த வேலைக்கும் ஆணி பிடிக்காத மனிதர், அன்றைக்கு ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் போனார்.

ஞாயிறு சாயங்காலம் புகைமூட்டமும் குளிரும் சேர்ந்து இறங்கியிருந்தது. ஒரு லாரியின் பின்பலகையைத் திறந்து மேடையாக்கியிருந்தார்கள். முருகன் படத்தை எம்.எல்.ஏ.வின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், கொஞ்சம் தள்ளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் மூன்று பேரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். ஹிந்தியில் அவர்கள் சொல்வதை எங்களுக்குச் சொல்வதற்காக ஆயாவை மேடையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். மைக் ஸ்டாண்டு ஆடியதால் அதைப் பிடித்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கு.

மேடைக்கு எதிரே டேங்கர் நின்றது. நிறையத் தண்ணீர், மூடியின் இடுக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒருவன் மேலே ஏறிக் குழாயின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தான். அதன் முன்னால் கேன்களும் குடங்களும் பக்கெட்டுகளுமாக நாலாக்கரை வரைக்கும் வரிசை. ஆயாவின் இரண்டு கேன்களும் வரிசையில் முன்னாலேயே இருந்தன. அவள் மத்தியானமே கொண்டுவந்து வைத்திருந்தாள். மகள் வர முடியாது, பிள்ளை நெஞ்சில் கிடக்கிறது.

எம்.எல்.ஏ. வந்த பிறகுதான் தண்ணீர் திறப்பார்கள். அவர் இன்னும் இரண்டு கூட்டம் முடித்துவிட்டு வர வேண்டும். அதுவரைக்கும் நாங்கள் பாட வேண்டும்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். எப்போதும்போல நல்ல குரல். ஒரு பாட்டு முடிந்தது. "இன்னொண்ணு பாடச் சொல்றாங்கம்மா" என்றாள் ஆயா. பாடினோம். "இன்னும் வரலியாம். பாடிக்கிட்டே இருக்கச் சொல்றாங்க." பாடினோம். எங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய் முதல் பாட்டுக்கே திரும்பினோம். வரிசையில் பெண்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருத்தியின் இடுப்புப் பிள்ளை அழுதது. கேன்களை உதைத்து முன்னுக்குத் தள்ளிச் சண்டை கிளம்பி அடங்கியது. ஹார்மோனியத்தில் என் விரல்கள் விறைத்துப்போயின. அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"யம்மா, போதும்மா! பாட்ட நிறுத்துங்கம்மா! தண்ணி புடிக்கணும்!"

அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து குரல்கள். "நிறுத்துங்கம்மா! சாமி எங்கயும் போயிறாது!" நாங்கள் நிறுத்தாததால்தான் தண்ணீர் திறக்கவில்லை என்று நினைத்துவிட்டார்கள். அப்படித்தான் தெரிந்திருக்கும் அங்கிருந்து பார்த்தால். வெள்ளிக்கிழமைகளில் இவர்களில் சிலர் எங்கள் பாட்டுக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள். அக்காவின் குரல் பாதியில் உடைந்தது. நான் தனியாகப் பாடினேன். நிறுத்தினால் லாரியைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பாடினேன். முருகா முருகா என்று நான் அத்தனை மன்றாடிப் பாடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதில் பக்தி என்று சொல்ல ஒரு துளி இல்லை.

கடைசியில் அவர் வந்தார். கற்பூரம் ஏற்றினோம். அவர் ஒற்றிக்கொண்டார், படம் எடுத்தார்கள், கொஞ்ச நேரம் பேசினார். குழாயைத் திறந்தார்கள். வரிசை ஒரே நொடியில் கலைந்து குவியலாயிற்று. ஆயா கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையிலேயே நின்றாள். அணையும் வரை கீழே வைக்கக் கூடாது என்று நாங்கள்தான் அவளுக்குப் பழக்கியிருந்தோம். "போ ஆயா, ஜல்தி போ" என்று நான் தட்டைப் பிடுங்கியபோது நேரமாகிவிட்டது. அவளுடைய கேன்களை யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவள் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய்ச் சேர்ந்தபோது குழாயில் நூல் மாதிரி வந்து நின்றது. மேலே இருந்தவன் உள்ளங்கையால் டேங்கரைத் தட்டிக் காட்டினான். டண் என்று காலிச் சத்தம்.

"வா, எங்க வீட்டுல பிடிச்சுக்கோ" என்றேன். ஒரு கேனை நான் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. காலிக் கேனைத் தூக்குவதில் என்ன பெருமை இருக்கிறது? நாலா பாலத்தைத் தாண்டி, பார்க்கைச் சுற்றி நடந்தோம். என்னிடம் ஒரு மன்னிப்பு இருந்தது. அதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் வீடு வரைக்கும் வந்துவிட்டேன்.

வீட்டில் கணவர் வேட்டியும் ஸ்வெட்டருமாக ஹாலில் நடந்துகொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும், என் பின்னால் வாசலில் ஆயா நிற்பதைக் கவனிக்காமல், கவலையோடு கேட்டார்.

"என்ன ஆச்சு? மைக்ல நம்ம பேரு எதுவும் வரலியே?"

நான் கேனைக் குழாயடியில் வைத்தேன். வாசலிலிருந்து ஆயாதான் பதில் சொன்னாள், அவர் பயப்படுகிறாரே என்று ஆறுதல் சொல்கிற குரலில்.

"இல்லீங்க சார். ஒருத்தர் பேரும் வரல. சாமி பேரு மட்டுந்தான் வந்துச்சு."